அரண்மனை இங்க, சாவி அங்க

மக்கா,

ஓணத்துக்கு எழுதுறேன்னு சொன்னவன் இப்பத்தான் பேனாவத் தொடுறேன். திட்டணும்னா திட்டிக்கோ. இங்க எல்லாரும் சுகம். ரப்பர் விலையக் கேக்காத. மழையில பால்வெட்டே ஒழுங்கா நடக்கல. நம்ம 'கொக்கு' மகளுக்குக் கல்யாணம் உறுதியாச்சு. மொய் எழுதாம நீ இந்தத் தடவை தப்ப முடியாது.

இனி விஷயத்துக்கு வாறேன். வருமான வரி ரீஃபண்டுக்கு ரெண்டு மாசமா காத்துக் கெடந்தேன் இல்லையா, போன செவ்வாக்கிழமை மெயில் வந்துது. சிங்க முத்திரை, என் பேரு, எல்லாம் கொள்ளாம். 'இங்கே அமுக்கவும்'னு இருந்துது, அமுக்கினேன். பேங்குப் பக்கம் மாதிரியே ஒண்ணு தொறந்துது. யூசர் ஐடி போட்டாச்சு, பாஸ்வேர்டு பாதி அடிச்சாச்சு, கரண்ட் போச்சு! கரண்ட வாயில வந்தபடி ஏசினேன். இப்ப நெனச்சா அதுக்கு ஒரு விளக்கு ஏத்தணும்.

பொறவு கரண்ட் வந்தப்ப மருமக பக்கத்துல இருந்தா. மவுஸ அந்த எழுத்து மேல வச்சா. அமுக்கல, சும்மா வச்சா. ஸ்கிரீன்ல கீழ இடது மூலையில நீளமா ஒரு முகவரி தெரிஞ்சுது. "படிங்க மாமா"ன்னா. 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்'னு தொடங்குது. "சரியாத்தானே இருக்கு"ன்னேன். "நிறுத்தாதீங்க, முதல் ஒத்தைச் சாய்வுக்கோடு வரைக்கும் போங்க. அதுக்கு நேர் முன்னால இருக்கதுதான் உடமைக்காரன் பேரு"ன்னா. பாத்தா, ஊர் பேர் தெரியாத ஒரு டாட் காம்!

சவம், பத்மநாபபுரம் அரண்மனை மாதிரித்தான். நிக்கது நம்ம தக்கலைப் பக்கம், நிர்வாகம் கேரள அரசு கையில.

பூட்டுப் படம் இருந்துதேன்னு மருமககிட்ட மல்லுக்கு நின்னேன். வழியில வேற ஆளு ஒட்டுக்கேக்காமத்தான் அந்தப் பூட்டு பாத்துக்குமாம். அந்தப் பக்கம் இருக்கவன் களவாணியான்னு பாக்காதாம். இங்கிலீஷ் 'ஆர்', 'என்' ரெண்டையும் சின்ன எழுத்துல ஒட்டிப் போட்டா 'எம்' மாதிரி தெரியும்னு காட்டினா. கண்ணாடி போட்டும் எனக்கு வித்தியாசம் தெரியல. அப்பத்தான் வெப்ராளம் வந்துது. பாஸ்வேர்ட மாத்தியாச்சு, பைசா ஒண்ணும் போகல.

ஆனா அன்னைக்கு ராத்திரி உறக்கம் வரல, உன் அக்காவ நெனச்சு. நீ மஸ்கட்டுல கெடந்து அனுப்புற பைசா எல்லாம் அவிய போன்லதான் இருக்கு. திருவட்டாறுல தனியா இருக்காவ. போன்ல மவுஸ் ஏது? லிங்க் மேல விரல வச்சு அழுத்திப் பிடிச்சா முகவரி காட்டும். அக்காவுக்குக் கை நடுங்குது, பிடிக்கப் போயி தொறந்துருவாவ. போதாததுக்கு, நேரான கம்பெனி மெயில்லயும் யார் யார் அமுக்குனாங்கன்னு கணக்கெடுக்க நடுவுல வேற முகவரி வைப்பாங்களாம். படிச்சவனே குழம்புவான்.

அதனால ஞாயித்துக்கிழமை போயி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: மெயில்ல வாற எதையும் தொடாதீங்க, பேங்கு பாக்கணும்னா அந்த ஆப்பையே தொறங்க. 2025 அக்டோபர் 31-க்குள்ள பேங்கு எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்கு சொன்னதையும், பைசா போனா உடனே கூப்பிட வேண்டிய 1930 நம்பரையும் பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன்.

அக்கா என்ன சொன்னாவ தெரியுமா? "வடசேரி பஸ் ஸ்டாண்டுல போர்டு பாக்காம குளச்சல் பஸ்ஸுன்னு ஏறின ரெண்டு பேருல ஒருத்தன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்!"

வாயத் தொறக்கல நான். மரச்சீனியும் மீன்கறியும் தின்னுட்டு வந்துட்டேன். நீ ஒரு போன் போட்டுச் சொல்லு மக்கா, நான் சொன்னா கேக்க மாட்டாவ.

உன்,
குளச்சல் பஸ்