ஒரே ஒரு பம்பு கேட்கிறோம்

பெட்ரோலில் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) எவ்வளவு சேர்க்கலாம் என்று முடிவெடுக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், பொள்ளாச்சியிலிருந்து வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே என் கார் நின்றுபோனது. 1997-ல் வாங்கிய மாருதி 800. அந்த வயதுக்கு வழியில் நிற்க அதற்கு உரிமை உண்டு, அதற்காகக் கோபப்படவில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் இது நாலாவது தடவை. முந்தின மூன்று தடவையும் இல்லாத ஒன்று இந்த முறை இருந்தது: பெட்ரோல் வாடை.

என் மனைவி இறங்கி ஓடிப்போய் ஒரு கல்லை எடுத்துவந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். நான் பானெட்டைத் திறந்தேன். இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளிப் போட்ட இடத்தில் கசிந்து, சொட்டுச் சொட்டாகச் சூடான இன்ஜின் மேல் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த சொட்டு உடனே காய்ந்து மறைகிறது, அடுத்த சொட்டு திரள்கிறது. பின் சீட்டில் என் மாமியார், எழுபத்து நாலு வயது, மடியில் தயிர்த் தூக்கு. அவரைக் கைத்தாங்கலாக இறக்கி இருபதடி தள்ளி ரோட்டோரக் கட்டையில் உட்கார வைத்தோம். "மாப்ள, வண்டி புடிச்சுக்குமுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க அத்தை என்றேன். சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை.

முன்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெட்ரோலில் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு 20 ஆனது. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்து 2025-லேயே தொட்டுவிட்டீர்கள். கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோளம் போடுகிறவனுக்கும் காசு போகிறது, வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் டாலர் மிச்சமாகிறது. நல்ல காரியம். எங்கள் வீட்டிலும் தோட்டம் உண்டு, விவசாயி பிழைப்பதற்கு நான் எதிரியில்லை. எத்தனாலை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை.

வண்டிக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் காலையில் ஸ்டார்ட்டிங் டிரபிள். சோக்கை முழுக்க இழுத்தாலும் நாலு தடவை சுற்றிய பிறகுதான் பிடிக்கும். பிறகு மிஸ்ஸிங் வந்தது. இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்புறம் இழுக்கும். மெக்கானிக் பாய் இருபது வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கிறவர். பிளக் மாற்றினார். பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் எல்லாம் மாற்றினார். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் அடிக்கிண்ணத்தில் செம்மண் மாதிரி ஒரு வண்டல். அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. டேங்க் அடியில் இத்தனை வருஷமாக அசையாமல் ஒட்டிக்கிடந்த அழுக்கை எத்தனால் கரைத்துப் பெயர்த்து விடுகிறது என்று பிறகு சொன்னார். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்பின் டயாபிரமும் போனது. இதுவரை 9,400 ரூபாய். பாய் கூலியைப் பாதிதான் வாங்கினார், அவருக்கே சங்கடம்.

மலையிலிருந்து கயிறு கட்டி இறக்கிவந்த பிறகு, அந்த ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். வெளியே பார்க்கக் கருகருவென்று ஒரு குறையும் இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, விரலை வைத்தால் ஜவ்வு மிட்டாய் மாதிரி ஒட்டியது. "சார், வெளிய பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்குது, உள்ள புண்ணு" என்றார். ஆனால் எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போட அவர் விடவில்லை. கார்புரேட்டரின் திராட்டில் தண்டு தேய்ந்திருக்கிறது, அது வயசு. ஹோஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும், அது என் சோம்பேறித்தனம். ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் ஒரு சோதனை செய்தோம். வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அளவுக் குடுவை கிடைப்பது சிரமமில்லை. ஷெட்டுக்கு வெளியே, பீடிக்காரர்களைத் துரத்திவிட்டு, 100 மில்லி குடுவையில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் 80 மில்லி பெட்ரோல். வாயை மூடி நன்றாகக் குலுக்கி வைத்தோம். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் மேலே தெளிந்து நின்றது. 20-ல் இருந்த தண்ணீர்க் கோடு 35-ஐ ஒட்டி ஏறி நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், "அப்ப அஞ்சுல ஒரு பங்கு நம்ம காசு தண்ணிக்குள்ள போயிருச்சா?" என்றார். அது தண்ணீர் இல்லை என்று விளக்கினேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

அதைப் போட்ட பெட்ரோல் பங்கில், பம்பின் மேல் எத்தனை சதவீதம் என்று ஒரு எழுத்துகூட இல்லை. கொசுவத்திச் சுருள் பெட்டியில் என்ன மருந்து எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறான். லிட்டருக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் சரக்கில் என்ன இருக்கிறது என்று நான் குடுவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

புது வண்டிக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. அதன் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் மோந்து பார்த்து, பெட்ரோலைக் கூடக் குறைய விடச் சொல்லும். என் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது பித்தளையில் ஓட்டை போட்ட ஒரு ஜெட். 1997-ல் போட்ட ஓட்டை, அன்றைய பெட்ரோலுக்கு அளந்து போட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை. அதுதான் மிஸ்ஸிங், அதுதான் கூடுதல் சூடு. போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிற வண்டியில் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமும் இல்லை. மத்திய அரசுக்கு யோசனை சொல்லும் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, 20 சதவீதக் கலப்பால் பழைய நாலு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்கிறது. பழைய வண்டிகளைக் காப்பாற்ற 10 சதவீதக் கலப்பும் பங்குகளில் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. 20 சதவீதம் வந்து சேர்ந்தது. 10 எங்கே போனது? எத்தனால் இல்லாத ஆக்டேன் 100 பெட்ரோல் வாங்கிப் போடு என்கிறார்கள் சிலர். லிட்டர் 160 ரூபாய் வாக்கில். அந்தக் காசு இருந்தால் நான் ஏன் 800 ஓட்டுகிறேன்?

இரண்டு விதமாக விற்க முடியாது, ஒவ்வொரு பங்கிலும் தனி டேங்க் கட்ட முடியாது என்று சொல்வீர்கள். 1995-ல் ஈயம் இல்லாத பெட்ரோல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தபோது என்ன செய்தோம்? புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் வைத்த புது வண்டிக்கு ஒரு பம்பு, பழைய வண்டிக்கு ஒரு பம்பு. 2000 பிப்ரவரியில்தான் ஈயப் பெட்ரோலை நாடு முழுக்க நிறுத்தினார்கள். அத்தனை வருஷம் பழையவனுக்கும் மூச்சுவிட இடம் இருந்தது. கம்ப்யூட்டர் பில்கூட இல்லாத காலத்தில் முடிந்த காரியம் இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. என் வண்டிக்கு 2027-ல் முறை வருகிறது. ஆக, என் வண்டி பழசு என்பது அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிகிறது, ரசீது போடும் கவுன்ட்டரில். பெட்ரோல் போடும் இடத்தில் மட்டும் அது போன மாதம் ஷோரூமை விட்டு வந்த வண்டி. இந்த மந்திரம் எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும், மூட்டுவலிக்கு ஆகும்.

வித்துட்டுப் புதுசு வாங்குங்க சார் என்று என் மருமகனே சொல்கிறான். சுலபமாகச் சொல்லிவிடலாம். இந்த ஊரில் 800-ம் ஜென்னும் ஆம்னியும் ஓட்டுகிறவர்களை வாரச்சந்தை அன்றைக்கு வந்து பாருங்கள். ஆம்னியில் தேங்காய் ஏற்றுகிறவன் எந்த வங்கியில் போய்க் கடன் கேட்பான்?

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, ஒவ்வொரு பம்பின் மேலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் எழுதுங்கள். இரண்டு, எல்லாப் பங்கிலும் வேண்டாம், ஊருக்கு ஒரு பங்கிலாவது 10 சதவீதக் கலப்புக்கு ஒரே ஒரு பம்பு விடுங்கள். பத்து வருஷம் போதும். அதற்குள் எங்கள் வண்டிகளும் போய்விடும், நாங்களும் பலர் போய்விடுவோம். தயவுசெய்து அந்த ஒரு பம்பு.

வண்டிக்கு இப்போது எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போட்டிருக்கிறது. டிக்கியில் ஒரு தீயணைப்பான் வாங்கி வைத்தேன், 1,100 ரூபாய். மாமியார் வால்பாறைக்கு இனி பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், 800 ஓட்டுகிறவர்,
பொள்ளாச்சி