குதிரை மருத்துவராக ஆசையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தியூர் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குக் குதிரை மருத்துவராகும் ஆசை. இதற்கெனத் தனி இளநிலைப் படிப்பு கிடையாது. மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் அடங்கிய ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் படிப்பைத்தான் முடிக்க வேண்டும். அதில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை உப்பிவிட்டால் மூக்கு வழியே குழாய் செலுத்தித்தான் காலியாக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் வருமா? ஊட்டி, கொடைக்கானல் சவாரிக் குதிரைகளிடமும் சென்னை காவல்துறைக் குதிரைப்படை லாயத்திலும் மாணவர்கள் சில வாரங்களாவது பழக அரசு வழிசெய்யலாம்.

மகளை முதலில் விடுமுறையில் ஒரு லாயத்துக்குப் போய் லத்தி அள்ளச் சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகர், ஈரோடு