கதிரியக்கப் படிப்பு பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் தங்கையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். உன் கடிதம் சென்ற வாரமே வந்து சேர்ந்தது. பணி ஓய்வுக்கு முன் கணக்குகளை ஒப்படைக்கும் வேலை தலைக்கு மேல் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. மகள் கதிரியக்கப் படிப்பில், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பில், சேர விரும்புகிறாள், எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலைக்கு நம் வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள் என்ற எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அவள் சேர வேண்டியது பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இந்தப் படிப்பு மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்புமாக நான்கு ஆண்டுகள் நடக்கிறது. ஏறத்தாழ இதே பெயரில் ரேடியோதெரபி டெக்னாலஜி என்று இன்னொன்று உண்டு. அது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் துறை. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு தரவரிசைப் பட்டியல் வெளியிட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. அந்த வாய்ப்பை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டாண்டு டிப்ளமோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதைப் படித்த பலர் எங்கள் துறையில் மிகத் திறமையானவர்கள். ஆனால் மேலே எம்.எஸ்சி. படிக்கவோ வெளிநாடு செல்லவோ நினைக்கும் பெண்ணுக்குப் பட்டமே வழி.

ஆறு மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் ஆக்கிவிடுவதாகச் சுவரொட்டி ஒட்டும் பயிற்சி மையங்களின் பக்கம் தயவுசெய்து போகாதே. துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி டிப்ளமோ அளவிலான படிப்புக்கே குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டாண்டுக் காலம் வேண்டும். முழுத் தகுதி பெற்ற சுகாதார வல்லுநர் என்று பதிவு பெறுவதற்கான பட்டப் படிப்புக்கு 3,600 மணி நேரம் வேண்டும். ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு நாளை எந்தப் பதிவேட்டில் அவள் பெயரைச் சேர்க்க முடியும்?

இனி நான் முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதே. மாணவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனையைப் போய்ப் பார். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அந்த வளாகத்திலேயே இருக்கின்றனவா, விபத்துப் பிரிவில் இரவுப் பணிக்கு மாணவர்களை அனுப்புகிறார்களா, கருவியில் கை வைப்பது மாணவரா அல்லது அவர் மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பவரா என்று விசாரி. இதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் நல்ல பதிலே வரும். இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் பிள்ளைகள் தேநீர் குடிக்க வெளியே வரும்போது அவர்களிடம் கேள், உண்மை தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வேலை பொத்தானை அழுத்துவது என்றே வெளியில் பலரும் நினைக்கிறார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை மட்டும் எடுத்துக்கொள். நோயாளியை ஸ்டாண்டில் நெஞ்சு படும்படி நிறுத்தி, முகவாயை மேலே தூக்கி வைத்து, புறங்கைகளை இடுப்பில் வைக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேல் விழாதபடி தோள்களை முன்னே தள்ள வேண்டும். எக்ஸ்ரே கதிர் வரும் ட்யூப் ஆறடி தூரத்தில் இருக்க வேண்டும், அருகில் வந்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தச் சொல்லி அந்த நொடியில் எடுக்க வேண்டும். உடல் சற்றே திரும்பியிருந்தால் ஒரு பக்க நுரையீரல் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் தெரிந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் படம் வந்தவுடன் இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றனவா என்று கண் தானாகவே தேட வேண்டும். காது கேளாத முதியவர், அழும் குழந்தை, இடுப்பு எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் வந்தவர் என்று பல நூறு பேரிடம் செய்தால்தான் அந்தப் பழக்கம் வரும். நோயாளிகள் வராத கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

எம்.ஆர்.ஐ. இன்னும் கவனம் கேட்கும் இடம். அந்தக் கருவியே ஒரு பெரிய காந்தம். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) என்றால் பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு; ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அது இயங்கிக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே சென்ற இளைஞர் ஒருவரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்துக்கொண்டதில் அவர் உயிரே போய்விட்டது. நம் ஊரில் பெண்கள் தாலிச் சங்கிலியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். ஸ்கேனுக்குள் எந்த உலோகமும் போகக் கூடாது என்பதால் தாலியையும் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதான அம்மா ஒருவரிடம் அதை எடுத்த எடுப்பில் சொன்னால் அவர் கண் கலங்கிவிடுவார். அவர் மனம் ஆறும்படி பேசி, தற்காலிகமாக ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளச் செய்து, பேஸ்மேக்கர் உண்டா, தலையில் கிளிப் வைத்த அறுவை சிகிச்சை நடந்ததா என்பதையும் அதே பேச்சில் கேட்டு வாங்குவது பெரிய திறமை. அதை மூத்த பணியாளர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

அல்ட்ராசவுண்ட் பற்றி மகள் ஆவலாகக் கேட்டதாக எழுதியிருந்தாய். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அல்ட்ராசவுண்ட் எடுப்பதற்கென்றே சோனோகிராபர் என்று தனித் தொழிலே இருக்கிறது. நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் இருப்பதால், அந்தக் கருவியை மருத்துவர்களே கையாள்கிறார்கள். ஆகவே சோனோகிராபி டெக்னீஷியன் வேலை உறுதி என்று எந்த நிறுவனமாவது சொன்னால் அங்கே மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கதிர்வீச்சால் பெண்ணின் உடம்புக்குக் கெடுதல் வருமோ, நாளைக்கு வரன் பார்க்கும்போது இது ஒரு பேச்சாகுமோ என்று தங்கை கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். தாயின் கவலை நியாயமானது, அதனால் கணக்காகவே சொல்கிறேன். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பின்படி பணியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டுக்கு (உடலில் சேரும் கதிர்வீச்சின் அலகு) மேலும், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேலும் கதிர்வீச்சு சேரக் கூடாது. கருவுற்றிருப்பதைத் தெரிவித்த பின் மீதியுள்ள காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் மேல் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்ய நாங்கள் நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளவெடுக்கிறார்கள். என் பணிக்காலத்தில் வந்த எந்த அறிக்கையும் அந்த வரம்புக்கு அருகில்கூடப் போனதில்லை. எங்கள் பிரிவில் பணிபுரிந்தபடியே பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் இருக்கிறார்கள், தங்கை விரும்பினால் அவர்களோடு பேச ஏற்பாடு செய்கிறேன். ஆனால் இதையும் கல்லூரியில் விசாரிக்க வேண்டும்: பயிற்சி மாணவர்களுக்கும் பேட்ஜ் கொடுக்கிறார்களா, ஈயக் கவச உடை போதிய அளவில் இருக்கிறதா? செலவு என்று சொல்லி மாணவர்களுக்குப் பேட்ஜ் தராத இடத்தில் நம் பிள்ளையைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும், ரயில்வே மருத்துவமனைகளுக்கு ரயில்வே தேர்வு வாரியமும் அறிவிக்கை வெளியிடுகின்றன. பழைய அறிவிக்கைகளைத் தேடி எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியில் எந்தப் படிப்பைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று சேர்வதற்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள். தனியார் ஸ்கேன் மையங்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் சில ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகே நிலைமை மாறும்.

கலந்தாய்வுக்கு முன் நீங்கள் குறித்து வைத்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலை எனக்கு அனுப்பு. ஒவ்வோர் ஊரிலும் என்னோடு படித்தவர்கள் யாராவது பணியில் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன். அதற்குள் மகளை ஒரு முழு நாள் இங்கே அழைத்து வா. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி வைக்கிறேன். காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கும் நேரத்திலேயே வந்து, கட்டுப்பாட்டு அறையில் எங்களோடு இருந்து பார்க்கட்டும். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று மாலையில் அவளே உன்னிடம் சொல்வாள். இரவு நம் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம், தங்கையையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்