கைதூக்கி விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

என்னுடன் நடந்தவர்களுக்கும், என்னை நடக்க வைத்தவர்களுக்கும்,

வணக்கம்.

இடது மார்பகத்தில் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு என்று எல்லாம் முடிந்து, இப்போது நாளுக்கு ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறேன். எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் நோயும் மருந்தும் சேர்ந்து முடக்கிப்போட்ட உடம்பைச் சிறுகச் சிறுக அசைக்கக் கற்றுத் தந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி இன்னும் கடனாகவே நிற்கிறது. அதைப் பலரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்படி ஓர் உதவி இருப்பதே தெரியாமல் எத்தனையோ பெண்கள் அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நன்றி, அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலையில் என் கட்டிலருகே வந்த செவிலியருக்கு. கட்டும், காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாயுமாகப் படுத்திருந்த என் கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து, விரல்களை மூடித் திறக்கச் சொன்னீர்கள்; முழங்கையை மடக்கி நீட்டச் சொன்னீர்கள்; இரு தோள்களையும் காது வரை உயர்த்தி மெதுவாக இறக்கச் சொன்னீர்கள். குழாய் எடுக்கும் வரை கை தோள் மட்டத்துக்கு மேல் போக வேண்டாம், ஆனால் முகம் கழுவவும் தலை வாரவும் இந்தக் கையையே பயன்படுத்துங்கள் என்றீர்கள். அன்று அது எனக்கு விளையாட்டாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

விட்டதற்கு நான் மட்டும் காரணமல்ல. பார்க்க வந்த ஒவ்வொருவரும், அந்தக் கையை அசைக்காதே, எதையும் தூக்காதே, வீங்கிவிடும் என்று சொல்லிச் சென்றார்கள். அக்கறையில் சொன்னவர்கள்தாம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திசுக்களில் சேரும் நீரை வடித்துச் செல்லும் நிணநீரின் முடிச்சுகளை அக்குளிலிருந்து எடுத்த பக்கத்துக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் சொல்லி வந்ததல்லவா? மூன்று வாரத்தில் தோள் இறுகிவிட்டது. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் ஒரு கயிறு முறுக்கிக் கட்டியதுபோல் இழுத்தது. உள்ளாடையின் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியவில்லை. கதிர்வீச்சுக்கு அளவெடுக்கச் சென்றபோதுதான் நிலைமையின் முழுத் தீவிரம் தெரிந்தது. அந்த எந்திரத்துக்கு அடியில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தால்தான் சிகிச்சையே தர முடியும். என் கையோ காதுக்குக்கூட எட்டவில்லை. அன்று என்னைத் திட்டாமல், வேறு தேதி குறித்துக் கொடுத்து, இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பிவைத்த தொழில்நுட்பப் பணியாளருக்கு என் இரண்டாவது நன்றி.

அந்த இயன்முறை மருத்துவருக்கு எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. அம்மா, நீங்கள் என் கையைத் தொடுவதற்கு முன்னால் என் பயத்துக்கு விளக்கம் சொன்னீர்கள். இரத்தத்தைச் சுற்றிவரச் செய்ய இதயம் இருப்பதுபோல நிணநீரைத் தள்ளிவிடத் தனியே ஓர் இதயம் கிடையாது. தசைகள் சுருங்கி விரிவதும் ஆழ்ந்து மூச்சு விடுவதும் அதை நகர்த்தப் பெரிதும் உதவுகின்றன. ஆகவே அளவோடு அசையும் கைக்கு அசைவு கெடுதல் அல்ல, உதவி என்றீர்கள். என் முகத்தில் சந்தேகம் மீதம் இருந்ததைப் பார்த்துவிட்டு, கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996-ல் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களை பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீண்ட டிராகன் படகில் துடுப்புப் போட வைத்த கதையைச் சொன்னீர்கள். கையின் உழைப்பே முழு உழைப்பாக இருக்கும் அந்தப் பயிற்சியில் ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே வீக்கம் இருந்தவர்களுக்கு அது கூடவும் இல்லை. 2009-ல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வையும் சொன்னீர்கள். கையில் வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இருமுறை, மேற்பார்வையில், மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பளு தூக்கினார்கள். தூக்காதவர்களைவிட அவர்களுக்கே வீக்கம் முற்றிய நிகழ்வுகள் குறைவாக இருந்தன. படிப்படியாக என்ற சொல்லை நீங்கள் அன்று மூன்று முறை சொன்னீர்கள். அதன் பொருளை நான் பிறகு அனுபவித்துத்தான் அறிந்தேன்.

அதன்பின் சுவர். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி ஏறுவதுபோல் மெல்ல மெல்ல மேலே நகர்த்தி, இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, இரண்டு மூச்சு விட்டு, அதே போல் இறக்க வேண்டும். இழுப்பு வரலாம், வலி வரக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அது ஏற்றமே அல்ல என்பது உங்கள் கட்டளை. மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ஒரு கழியைப் பிடித்து, நல்ல கையின் துணையோடு நோயுற்ற கையைத் தலைப் பக்கம் கொண்டுபோகும் பயிற்சி அடுத்தது. ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை; அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்றீர்கள். என் மகள் ஒவ்வொரு நாளும் என் விரல் எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதினாள். சில நாள் கோடு நேற்றையதைவிடக் கீழே விழுந்தது. அப்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டையும் அதே அழுத்தத்தோடு போட்ட மகளே, உனக்கும் நன்றி. பன்னிரண்டாம் நாள் என் கை எந்திரத்துக்கு அடியில் போதுமான அளவு மேலே போய் நின்றது. அக்குள் கயிறு முற்றிலும் தளர மேலும் சில வாரங்கள் பிடித்தன.

என் பிழையையும் இங்கே எழுதிவிட வேண்டும். கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம் கழித்து, உடம்பு முழுக்கத் தேறிவிட்டது என்ற மகிழ்ச்சியில், ஒரே நாளில் வீட்டிலுள்ள அலமாரிகளை எல்லாம் இழுத்து நகர்த்தித் துடைத்தேன். மறுநாள் காலையில் கை பாரமாக இருந்தது. சட்டைக் கையின் விளிம்பு தோலில் பதிந்து கிடந்தது. இயன்முறை மருத்துவர் அம்மா, அழுதுகொண்டே உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் அளவுநாடாவை எடுத்து, மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரே இடைவெளி விட்டு இரு கைகளையும் அளந்து குறித்துக்கொண்டீர்கள். வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் இறுக்கமாக அணியும் அழுத்த உறைக்கு ஏற்பாடு செய்தீர்கள். தோலில் கீறலும் வெடிப்பும் வராமல் காப்பதெப்படி என்றும், கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னீர்கள். பயிற்சியை நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லுவீர்கள் என்றே எதிர்பார்த்தேன். வீக்கம் வடிந்த பிறகு அரைக் கிலோ டம்பெல்லை என் கையில் வைத்து, இங்கிருந்து மறுபடியும் தொடங்குவோம் என்றீர்கள். பழக்கமில்லாத பாரத்தைத் திடீரென்று சுமப்பதும், பழக்கப்படுத்திய பாரத்தை அளவாகக் கூட்டுவதும் வேறு வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இன்று மூன்று கிலோ தூக்குகிறேன். அரைக் கிலோவிலிருந்து அங்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது.

இதற்கெல்லாம் முந்தைய கீமோ நாட்களுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அங்கே என் அக்கா நிற்கிறாள். அந்த நாட்களின் அயர்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்: எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருக்கும், ஓய்வெடுக்க எடுக்கக் கூடுமே தவிரக் குறையாது. அக்கா, நீ தினமும் மாலையில் வந்து செருப்பை எடுத்து வைத்து, ஐந்து நிமிடம் மட்டும் என்பாய். மருந்து ஏற்றிய மறுநாட்களில் வாசல் வரை போய்த் திரும்புவதே அந்த ஐந்து நிமிடம். அடுத்த வாரத்தில் அது பத்தாகும். மறுபடி மருந்து ஏறியதும் மூன்றாகச் சுருங்கும். காய்ச்சல் இருந்தாலோ, இரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலோ, தலைசுற்றலோ நெஞ்சு இறுக்கமோ தெரிந்தாலோ நடை கிடையாது என்ற மருத்துவரின் நிபந்தனையை என்னைவிட நீதான் கவனமாகக் கடைப்பிடித்தாய். மருந்தால் என் பாதங்கள் மரத்துப்போன பிறகு சமதளமான பாதையையும் பிடிமானமுள்ள காலணியையும் தேடிப் பிடித்தவளும் நீதான். நடந்து வந்த நாட்களில் அயர்ச்சி சற்று இளகியதை நானே உணர்ந்தேன். வாரம் மூன்று நாள் அரை மணி நேர மிதமான நடையும், இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் புற்றுநோயாளிகளின் அயர்ச்சியையும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கின்றன என்று பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2019-ல் வெளியிட்ட பரிந்துரையைப் பின்னாளில் அறிந்தபோது, அதைப் படிக்காமலேயே நீ செய்து காட்டிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் நடந்த நாளையும் நீ நடந்த நாளாகவே கணக்கில் எழுதினாய்.

எங்கள் வாராந்திரப் பயிற்சிக் குழுவுக்கு வருகிறேன். முதல் நாளே அறையின் பெரிய கண்ணாடியைத் துணியால் மூடி, பார்க்க விரும்புகிறவர்கள் விலக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்ன பயிற்சியாளருக்கு நன்றி. மார்பகத்தை இழந்த ஒருத்திக்கு அந்தத் துணி எவ்வளவு பெரிய மரியாதை என்பதைச் சொல்லி முடியாது. ஹார்மோன் மாத்திரையால் காலையில் விரல் மூட்டுகளும் முழங்கால்களும் இறுகிக்கொள்வது எனக்கு மட்டும் நேர்வதல்ல என்றும், அசைத்து நடந்தால் அது தணியும் என்றும் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்ன தோழிகளுக்கும் நன்றி.

அந்தக் குழுவில் எனக்கு மூத்த ஒரு பெண்மணி இருக்கிறார். அவருக்கு நோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது. சிகிச்சை முடிந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லப்போவதில்லை. அவரைப் போன்றவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று நான் மனத்துக்குள் நினைத்ததுண்டு. அதற்காக இப்போது வருந்துகிறேன். அவருடைய புற்றுநோய் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து ஸ்கேன் படங்களைப் பார்த்து, உடம்பை முறுக்குவதும், பாரத்தோடு குனிவதும், குதிப்பதும் கூடாது என்று விலக்கிவிட்டு, உட்கார்ந்தபடியே செய்யும் கணுக்கால் அசைவுகளையும், மூச்சுப் பயிற்சியையும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் அவருக்கென்று வகுத்துத் தந்திருக்கிறார்கள். குளியலறைக்குத் துணையில்லாமல் போய்வர வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்று ஒருநாள் அவர் சொன்னார். அக்கா, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்த பிறகுதான் என் கோடுகளையும் கிலோக்களையும் எண்ணிக்கொண்டே இருப்பதை நான் விட்டேன்.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் இந்த மடல் வழியாகவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது எனக்கும் பயிற்சிப் படங்கள் அச்சடித்த தாள் ஒன்று தரப்பட்டது. மருந்துச் சீட்டுகளோடு அது பைக்குள்ளேயே கிடந்தது. தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், தகவல் தாள்களை மட்டும் பெற்றவர்களைவிட, அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் பயிற்சியைத் தொடங்கியவர்களின் கை ஓராண்டுக்குப் பிறகு நன்றாக இயங்கியது. தாள் கொடுங்கள், ஆனால் அந்தப் பெண் ஒரு முறையாவது உங்கள் முன் செய்து காட்டட்டும், பத்து நாள் கழித்து அவளை ஒரு முறை அழைத்துக் கேளுங்கள். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என் கதிர்வீச்சுச் சிகிச்சை தள்ளிப்போயிருக்காது.

பயிற்சியாளரே, அடுத்த மாதம் புதிய குழு தொடங்குகிறது. பயிற்சிக்கு முன்பு அறையில் நாற்காலிகளை எடுத்துப் போட்டு, முடிந்ததும் அடுக்கி வைக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். ஒரு தடவைக்கு ஒரு நாற்காலி, இரண்டு கைகளாலும் தூக்க வேண்டும் என்ற உங்கள் நிபந்தனையோடு அதை ஏற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
வாராந்திரக் குழுவில் சன்னலோரத்தில் உட்காருபவள்