மர்ம எழுத்தல்ல, மல்லிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், கொழும்பில் பழைய வீடொன்றைப் புதுப்பித்துக் கலை விடுதியாக்கியிருப்பது பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். படத்தின் கீழே, 'மர்மமான பழங்கால எழுத்துகள் அலங்கரிக்கும் சுவர்' என்று ஒரு வரி. அந்தப் பழங்கால எழுத்துக்குத் தமிழ் என்று பெயர், ஐயா. தங்கள் பத்திரிகையும் அதில்தான் அச்சாகிறது.

கனடாவிலிருந்து வந்த மகள் சென்ற வருடம் அங்கேதான் அறை எடுத்தாள். கூரையிலிருந்து ஒரு சைக்கிள் தொங்கியது. முகம் கழுவுவதற்கு ஆட்டுக்கல். குழியில் துளை போட்டுக் குழாய் பொருத்தியிருந்தார்கள். என் தாயார் பார்த்திருந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே போயிருப்பார். அது அவர்கள் ரசனை, போகட்டும். சுவர்தான் பொறுக்கவில்லை. கடைக் கணக்குப் புத்தகமொன்றைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள், பாதித் தாள்கள் தலைகீழாக. "என்ன எழுதியிருக்கிறது அம்மப்பா?" என்று பேரன் கேட்டான். கட்டிலில் மல்லாந்து தலையைத் தொங்கவிட்டுத்தான் வாசிக்க முடிந்தது: விபவ வருடம் ஆவணி, மல்லி ௩ அந்தர், மிளகாய் ௫ அந்தர். விபவ என்றால் 1928. இதுதான் உங்கள் பழங்காலம்.

தேநீர் கொண்டுவந்த பையன் எனக்கு மயக்கம் என்று பதறிவிட்டான். ஹட்டன் பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் தெரியும் ஐயா, சொன்னேன். அழகுக்குத்தானே என்றார்கள்" என்றான். எதிர்ச் சுவரில் ஜோர்ஜ் கீற் ஓவியமொன்றின் பிரதி. அதன் கீழே அவர் பெயரும், 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் குழுவின் வரலாறும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். கணக்கு எழுதியவருக்கு ஒரு வரியுமில்லை.

என் தந்தையார் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் 22 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய பேரேடுகள் 1983 ஜூலையில் கடையோடு எரிந்தன. அவருடைய கையெழுத்தென்று எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதிவைத்தார்கள். போன மாதம் அடையாள அட்டை தொலைந்ததென்று முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையொப்பமிடச் சொன்னார்கள். என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீதிப் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துப் பிழை பற்றித் தங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். இடமில்லை போலும், ஒன்றும் வரவில்லை. மர்ம எழுத்துக்கு அரைப்பக்கம் கிடைத்தது குறித்து மகிழ்ச்சி.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். விடுதிக்காரர் தங்களுக்கு அறிமுகமானவராகத்தான் இருப்பார். ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லாத் தாளையும் உரித்து ஒட்டச் சொல்லவில்லை. மாடியில் மலசலகூடக் கதவில் பிள்ளையார் சுழியோடு ஒரு தாள் தலைகீழாக இருக்கிறது. அதை மட்டுமாவது எடுக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபால் அதிபர்,
வெள்ளவத்தை.