டிராக்டர் ஓட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு மடல்

விவசாயிகள் சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், டிராக்டர் ஓட்டும் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

டிராக்டர் பின்னால் கவிழ்ந்து அண்ணன் போய் மூன்று வாரம் ஆகிறது. முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். தகவல் போன அரை மணி நேரத்துக்குள் வயலில் முப்பது பேர் நின்றீர்கள். சேற்றில் கிடந்த வண்டியைத் தூக்கி அவரை வெளியே எடுத்தது நீங்கள். அண்ணியைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தது உங்கள் வீட்டுப் பெண்கள். இரவு முழுக்க எங்கள் வாசலில் ஆள் குறையவில்லை. மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஆள் மாற்றி ஆள் வந்து தோள் கொடுத்தீர்கள். கூடப் பிறந்த எனக்கே பாதி வழிக்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. அண்ணன் எத்தனை பேருக்கு வேண்டியவராக இருந்தார் என்பதை அந்தப் பாதி வழியில்தான் தெரிந்துகொண்டேன். இதை எங்கள் குடும்பம் எந்தக் காலத்திலும் மறக்காது.

ஆனால் அன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள். "விதி முடிஞ்சிருச்சு தம்பி, என்ன செய்ய?" அந்த நேரத்தில் நானும் தலையாட்டினேன். ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் மூன்று வாரமாக அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நடந்ததை நான் புரிந்துகொண்ட வரையில் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். அவருக்கு நடந்தது நாளைக்கு உங்களில் ஒருவருக்கும் நடக்கலாம் என்ற பயம்தான் காரணம்.

பக்கத்து வயலில் நின்றவர் பார்த்ததை வைத்தும், வண்டி கிடந்த விதத்தை வைத்தும் சொல்கிறேன். பின்சக்கரம் இரண்டும் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. அண்ணன் ஒரு கட்டையைச் சக்கரங்களுக்குக் குறுக்கே வைத்துச் சங்கிலியால் கட்டினார். நாம் எல்லோரும் செய்திருக்கிற வேலைதான். எங்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கட்டை அடியில் போகும், வண்டி ஏறி வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. வராவிட்டால் என்ன ஆகும் என்று அப்பாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சக்கரம் சுற்ற முடியாமல் இறுகிவிட்டால் இன்ஜினின் விசை சும்மா நிற்காது. சக்கரத்தைச் சுற்ற வேண்டிய விசை, அச்சைச் சுற்றி வண்டியையே தூக்க ஆரம்பிக்கும். சாதாரண டிராக்டரில் எடையில் சுமார் 70 சதவீதம் பின்பக்கம்தான் இருக்கிறது. முன்பக்கம் தூக்க அதிக நேரம் வேண்டியதில்லை. முன்சக்கரம் எழும்பியதிலிருந்து முக்கால் விநாடிக்குள் திரும்ப இறக்க முடியாத இடத்தைத் தாண்டிவிடும். ஒன்றரை விநாடியில் வண்டி முழுக்கப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். "முன்னாடி தூக்கினா டக்குனு கிளட்ச்சை மிதிச்சா போதும்" என்று நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோமே, முக்கால் விநாடிக்குள் அந்தக் கால் போய்ச் சேர வேண்டும். அண்ணன் 25 வருஷமாக டிராக்டர் ஓட்டியவர். அவர் காலே போய்ச் சேரவில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அண்ணன் வண்டியில் ரோல் பார் இருந்தது. இருக்கைக்குப் பின்னால் நிற்கிற அந்த இரும்பு வளைவைத்தான் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்தது. மரங்களுக்கு அடியில் ஓட்டும்போது கிளையில் இடிக்கிறது என்று பத்து நாள் முன்னால் மடக்கிவிட்டார். மரத்தடி வேலை முடிந்தது. வளைவை நிமிர்த்தவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அவருடைய டூல் பாக்ஸைத் திறந்தேன். வளைவை நிமிர்த்திப் பூட்டுகிற இரண்டு இரும்பு ஆணிகளையும், அதாவது பின்களையும், ஒரு பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார். துருப்பிடிக்கக் கூடாது என்று எண்ணெய் தடவி, தொலையாமல் இருக்கத் துணியின் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தார். அவ்வளவு கவனமான மனிதர். அந்த எண்ணெய் என் விரலில் பட்டபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. வளைவை நிமிர்த்தி, இந்த இரண்டு பின்னையும் செருக எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்கே செய்து பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

வளைவு நிமிர்ந்து நின்றால், வண்டி கவிழும்போது அது தரையில் ஊன்றிக்கொள்ளும். இருக்கையைச் சுற்றி ஓர் ஆள் பிழைக்கிற அளவுக்கு இடம் மிஞ்சும். அந்த இடத்தைவிட்டு ஆள் தூக்கி எறியப்படாமல் இருக்கத்தான் பெல்ட். இந்த இரண்டும் சேர்ந்தால் கவிழ்வதில் ஏற்படும் உயிரிழப்பையும் பெரிய காயத்தையும் தடுப்பதில் 99 சதவீதம் பலன் தரும் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் இந்த வளைவு மாதிரியான இரும்புக் காப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அங்கே டிராக்டர் குடைசாய்ந்து சாகிறவர்கள் வருஷம் போகப் போகக் குறைந்தார்கள். அங்கேயும் சேறு உண்டு, சரிவு உண்டு, அவசரம் உண்டு. விதி என்று நாம் சொல்வது ஓர் இரும்பு வளைவுக்குக் கட்டுப்படுகிறது என்றால், அதை இனிமேல் விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று அண்ணனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது பாதையோரம் நின்ற டிராக்டர்களை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை, கண் தானாகப் போனது. மொத்தம் 11. இரண்டில் மட்டும் வளைவு நிமிர்ந்திருந்தது. நான்கில் மடங்கிக் கிடந்தது. மீதி ஐந்தில் வளைவே இல்லை. ஒரு வண்டி கிளம்பும்போது மட்கார்டு மேல் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். துக்கத்துக்கு வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். விவசாயப் பாதுகாப்பு பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001-ல் கொண்டுவந்த உடன்படிக்கையே, ஆள் ஏற்றுவதற்காகச் செய்யப்படாத விவசாய இயந்திரத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்கிறது. ஒரு குலுக்கலில் அந்தப் பிள்ளை விழுவது பின்சக்கரத்துக்கு முன்னால்தான்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பேச்சாக எடுங்கள். வளைவு இல்லாத பழைய வண்டிகளுக்கு அந்தந்த கம்பெனியிடம் கேட்டு, பொருந்துகிற வளைவை எல்லோரும் சேர்ந்து வாங்க முடியுமா என்று பாருங்கள். பணம் புரட்ட முடியாதவருக்குச் சங்கம் முன்பணம் கொடுத்துத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். தயவுசெய்து பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தனை எடையைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்காத குழாய் முதல் அடியிலேயே மடங்கிவிடலாம்.

வளைவு நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடுங்கள். வேறு வழியில்லாமல் மடக்கி ஓட்டும்போதும், வளைவே இல்லாத வண்டியிலும் பெல்ட் போடாதீர்கள். கவிழ்ந்தால் அது உங்களை வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். மரத்தடியிலிருந்து வெளியே வந்ததும் இறங்கி நிமிர்த்துங்கள், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" வேண்டாம். வண்டி சேற்றில் மாட்டினால் கட்டை கட்டாதீர்கள். பின்னால் எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் மண்ணை வெட்டுங்கள், அப்புறமும் வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். இழுக்கிற வண்டியில் சங்கிலியைக் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ அதற்கு மேலேயோ மாட்டி இழுத்தால் காய்ந்த தரையில்கூட முன்பக்கம் எழும்பும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதத்தான் கை தயங்குகிறது. அண்ணன் மகனுக்கு 15 வயது. அன்று பல பேர் அவன் தோளைத் தட்டி, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். போன வாரம் அவன் என்னிடம் வந்து, "சித்தப்பா, சாவியைக் குடுங்க, பாக்கி இருக்கிறதை நான் உழுதுடறேன்" என்றான். குரலில் அழுகையே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன். அப்பா இல்லையே என்று அழ வேண்டிய பையன். அவனிடம் அப்படிச் சொல்லாதீர்கள். பாக்கியிருந்த துண்டை உங்களில் இரண்டு பேர் கேட்காமலே வந்து உழுதுகொடுத்தீர்கள். அதுதான் அவனுக்கு வேண்டியது. இந்தப் பருவம் முடிகிற வரைக்கும் அப்படி முறை வைத்துச் செய்துகொடுத்தால், அவன் கேட்கும்போது சாவி இல்லை என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும்.

அண்ணன் வண்டியைக் கழுவி, வளைவை நிமிர்த்தி, அந்த இரண்டு பின்களையும் செருகி நிறுத்தியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து சங்கக் கட்டடத்துக்கு முன்னால் இருப்பேன். ஸ்பேனர், துரு இளக்கும் எண்ணெய், கிரீஸ் எல்லாம் வைத்திருப்பேன். மடங்கிக் கிடக்கிற வளைவோடு எந்த வண்டி இருந்தாலும் கொண்டுவாருங்கள், சேர்ந்து நிமிர்த்திவிடலாம். பின் தொலைந்துபோயிருந்தால் வண்டியின் மாடலைச் சனிக்கிழமைக்குள் சொல்லி அனுப்புங்கள், வாங்கி வைத்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி