கட்டுக்கம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் போதும் என்கிறாள், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள். மேட்டூரை 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீர் கல்லணை தாண்டிவிட்டது என்கிறார்கள், நம் கடைமடைக்கு எப்போது வருமோ. கீழ்வேளூர் அத்தை குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. கடுவையாற்றுப் பக்கம் ஐஸ் லாரிச் சத்தம் மறுபடி கேட்கிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எழுதினால் உன் அம்மா படித்துவிடுவாள்.

போன மாதம் நீ அனுப்பிய போட்டோவை அம்மா தெருவில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டாள். வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் கம்ப்ரசர் ரூம். எட்டாவதோடு நின்றவன் பிள்ளை இவ்வளவு பெரிய இறால் ஆலையில் இன்சார்ஜ் என்றால் எனக்கும் சந்தோஷம் இல்லாமலா இருக்கும்? திட்டச்சேரி சித்தப்பாகூட போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். "நம்ம வீட்டுப் பிள்ளை எங்கேயோ போய்ட்டான் அண்ணே" என்றான். அவன் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

போனில் கேட்கலாம் என்று நாலு தடவை எடுத்தேன். இரண்டு தடவை நீ மீட்டிங்கில் இருந்தாய். ஒரு தடவை "அப்புறம் கூப்பிடறேம்பா" என்று வைத்தவன்தான், அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நாலாவது தடவை எடுத்தாய், எனக்குத்தான் வாய் வரவில்லை, அங்கே மழையா என்று கேட்டு வைத்துவிட்டேன். படித்த பிள்ளைக்கு ஐஸ் பேக்டரி ஆபரேட்டர் என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒரு கூச்சம்.

அங்கே குளிரூட்டுகிற அம்மோனியா லைனில் சேர்ந்த ஆயிலை இறக்கும்போது இரண்டு பேர் நிற்கிறீர்களா? அதை மட்டும் சொல். ஒரு ஆள் வால்வில், இன்னொரு ஆள் தள்ளி, காற்று வீசி வருகிற பக்கமாக. முகமூடி போட்டுக்கொண்டு. இதெல்லாம் உனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்குள் போகிற குழாயில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அன்றைக்குக் காலையில்தான் நாம் இங்கே கடற்கரையில் சுனாமியில் போனவர்களுக்குப் பூப்போட்டுவிட்டு வந்திருந்தோம். அந்தத் தேதிக்கு நம்மேல் என்ன கோபமோ. அடுத்த வருஷம் ஜூலையில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் ஆலையில் கேஸ் கசிந்து, அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளைகள் மயங்கி விழுந்ததை டிவியில் காட்டினார்கள். உன் ஆலையிலும் இறால் உரிக்கப் பெண்கள்தானே வரிசையாக நிற்பார்கள். கம்ப்ரசர் ரூமில் நடப்பது அவர்களுக்கு என்ன தெரியும்? வாடை வந்த பிறகுதான் தெரியும்.

வாடையை மட்டும் நம்பாதே. மூக்கு பழகிவிடும். நாங்களெல்லாம் பழகிப்போய்த்தான் பெருமை பேசினோம், கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய்மேல் காட்டினால் வெள்ளைப் புகை வரும், அதுதான் எங்கள் மீட்டர். உங்களுக்கு 25 பிபிஎம்முக்கே, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு கேஸ் இருந்தாலே அலாரம் அடிக்கும் என்று நீதானே சொன்னாய். 300 தாண்டினால் டப்பா வைத்த முகமூடி உதவாது, காற்று சிலிண்டர் முதுகில் இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்றும் சொன்னாய். அலாரம் சும்மா அடிக்கிறது என்று யாராவது ஒயரைப் பிடுங்கியிருந்தால் அதைத் திரும்ப மாட்டிவிடு.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போட்டோவில் உன் இடது தோளுக்குப் பின்னால் ஆயில் பாட், அந்த ஆயில் வந்து சேருகிற பானை, தெரிகிறது. அதன் அடியில் இருப்பது ஸ்பிரிங் வால்வு. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்கிற வால்வு. அதன் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு சுற்று, முறுக்கி விட்டிருக்கிறது. பாட் முழுக்கப் பனி பூத்திருக்கிறது. பனி இருந்தால் உள்ளே ஆயில் மட்டும் இல்லை, கேஸும் தண்ணியாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

யார் கட்டினார்கள் என்று கேட்கவில்லை. ஏன் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். குளிரில் ஆயில் பாகு மாதிரி சொட்டும். அரைமணி நேரம் ஒரே கையால் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஏற்றுமதிக்கு கன்டெய்னர் வாசலில் நிற்கும், மேலே இருப்பவர்கள் கத்துவார்கள். கம்பியைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

ஆயில் கனம், அடியில் நிற்கும். கேஸ் அதன் மேலே நிற்கும். ஆயில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும், தீர்ந்த நொடியில் பின்னாலேயே கேஸ் பீறிடும். மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, வெளியே வந்ததும் ரூம் முழுக்கப் புகையாகிவிடும். அதனால்தான் முதலில் பாட்டைத் தனியாக அடைத்து, கேஸைக் கம்ப்ரசர் உறிஞ்சுகிற சக்ஷன் பக்கம் இழுக்க விட்டு, பனி கரைந்து, அழுத்தம் இறங்கின பிறகு திறக்கச் சொல்கிறார்கள். எங்கள் பேக்டரியில் ஸ்பிரிங் வால்வே கிடையாது, சாதா வால்வுதான். கம்பி கட்டிவிட்டால் உன்னுடையதும் அதே வால்வுதான்.

இரண்டு பேராக நில் என்று எதற்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் தெரியுமா?

சித்தப்பா கண் போன கதை உனக்கு வீட்டில் சொன்ன கதை. பேச்சைக் கேட்காமல் வால்வைத் திறந்தான், பட்டான். அப்பாயி சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ சின்ன வயதில் குறும்பு செய்தால் "சித்தப்பா மாதிரி ஆகிடுவே" என்பாளே.

அன்றைக்கு வால்வைத் திறந்தது நான். ஐப்பசி மழை, மீன் வரத்து இல்லை, முதலாளியும் இல்லை. பாட்டில் பனி இருந்தது, பார்த்தேன். கரையட்டும் என்று காத்திருக்காமல் திறந்தேன். அவன் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "தகரத்தில் ஆயில் விழுது, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். நடுவில் சொட்டு நின்றிருக்கிறது. அடைத்துக்கொண்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டு, குனிந்து தகரத்தைப் பார்த்திருக்கிறான். கையில் கிளாஸோடு எனக்கு வாடை அடித்தது. ஓடிப்போய் மெயின் வால்வை மூடி, அவனை வெளியே இழுத்துப் போட்டேன். கண்ணைத் திறக்க முடியாமல் துடித்தான். நான் என் துண்டால் துடைத்தேன் தம்பி. ஐஸ் பேக்டரியில் தண்ணீருக்கா பஞ்சம்? பக்கத்திலேயே குழாய். துடைத்துவிட்டு வண்டி தேடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்பதுதான். உடனே கால் மணி நேரமாவது விடாமல் ஊற்றியிருக்க வேண்டுமாம். வலது கண்ணாவது தேறியது.

முதலாளி வந்து யார் திறந்தது என்றார். கட்டுப் போட்ட கண்ணோடு அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, "இவன்தான் சார்" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். நீ கைப்பிள்ளை, வீட்டில் நான் ஒருத்தன்தான் சம்பாத்தியம். இதெல்லாம் அப்புறம் தேடிக்கொண்ட காரணம், அந்த நேரத்தில் வாய் தானாக வந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொண்டுவந்து போடுகிறான்.

உன் படிப்புக்கு அவன் கொடுத்த பணத்தை நீ திருப்பிக் கொடுத்துவிட்டாய், நல்லது. நான் கொடுக்க வேண்டியது அப்படியே கிடக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை திட்டச்சேரி போகலாம் என்று இருக்கிறேன். போன வெள்ளியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

உன்னைத் திட்ட எழுதவில்லை. நீ கட்டியிருக்க மாட்டாய், உன் ஆட்கள் யாராவது கட்டியிருப்பார்கள். ஆனால் நீ அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். இன்சார்ஜ் என்றால் கையெழுத்து உன்னுடையது. நாளைக்கு யாராவது கேட்டால் பத்து நாள் வேலை பார்த்த பையனைக் கை காட்டாதே.

கம்பியை இன்றைக்கே வெட்டச் சொல். அங்கே கண் கழுவுகிற குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நீயே திறந்து பார். அப்புறம் அதே இடத்தில் நின்று இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா கேட்டாள் என்று சொல்லிக்கொள். உன் முகம் சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை, இடது தோள் பக்கம் தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக்கு
அப்பா